நில்லாது போகும் வண்டி

இரும்புப் பாதையைப் பழிப்போர் கூட்டத்திலே நாம் இல்லை. மலையைக் குடைந்து, ஆற்றைக் கடந்து, பல நாள் நடையைச் சில மணி நேரமாக்கியது மந்திரமல்ல, மனித மூளை! 1964 அக்டோபர் முதல் நாள், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்திலே வண்டி ஓட்டிக் காட்டினர் ஜப்பானியர். ஆறரை மணிப் பயணம் நான்கு மணியாகச் சுருங்கிற்று. போற்றுகிறோம்!

ஆனால் தோழர்களே, பகுத்தறிவாளன் போற்றியதோடு நிற்பதில்லை, கேள்வியும் கேட்பான். மிச்சமான நேரம் யாருக்கு? அதற்கு விலை தந்தவர் யார்?

மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே அதிவேகப் பாதை அமைக்க 2017இல் அடிக்கல் நாட்டினர். நீளம் 508 கிலோமீட்டர். நிலையங்களோ 12 மட்டுமே! மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தை எட்டவேண்டிய வண்டி ஊருக்கு ஊர் நின்றால் வேகம் ஏது? சிற்றூரைக் கடந்து போவது அந்த வண்டியின் குற்றமல்ல, இயல்பு. கடந்து போகப்பட்ட ஊரை மறந்துவிடுகிறதே ஆள்வோர் உள்ளம், அங்கேதான் குற்றம் பிறக்கிறது.

அப்பாதைக்குத் தொடக்கத்திலே மதிப்பிட்ட செலவு 1 லட்சத்து 8 ஆயிரம் கோடி ரூபாய். அதிலே பெரும்பகுதி ஜப்பானிடம் பெறும் கடன். கடன் தீர்ப்பது பொதுப்பணம்; தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அதற்கு வரி தருகிறான். ஏறுபவன் ஒருவன், இறுப்பவன் மற்றொருவன்!

குறிஞ்சிப்பாடியை எண்ணிப் பாருங்கள். கடலூர் துறைமுகத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதையிலே ஒரு சிறு நிலையம். கைத்தறி நெசவாளர் வாழும் ஊர். இத்தகைய ஊர்களின் உயிர்நாடி பாசஞ்சர் வண்டி. 2020இல் பெருந்தொற்றை முன்னிட்டு நாடெங்கும் அவ்வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் ஓடியபோது 10 ரூபாயாயிருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாயாகிவிட்டது. சக்கரம் பழைய வேகத்திலேதான் சுழன்றது; கட்டணம் மட்டும் விரைவு வண்டியாயிற்று! 2024 பிப்ரவரியிலேதான் பழைய கட்டணம் திரும்பிற்று. இந்த இடைக்காலத்திலேதான், 2022 நவம்பரில், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே வந்தே பாரத் வண்டி வந்தது. முழுவதும் குளிரூட்டிய பெட்டிகள். முன்பதிவில்லாதவனுக்கு அதிலே ஒரு பெட்டியும் இல்லை.

நிலம் தருவோன் நிலை என்ன? குறிஞ்சிப்பாடிக்கு அதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அண்டையிலே இருக்கிறது நெய்வேலி. 1956இல் தோன்றிய நிலக்கரி நிறுவனம் நாட்டுக்கு ஒளி தந்தது. அதற்கு நிலம் தந்தவர்களின் குடும்பத்தார் வேலையும் இழப்பீடும் கேட்டு இன்றும் குரல் எழுப்புகின்றனர். மும்பை வழிப் பாதைக்கு நிலம் தரத் தயங்கிய பால்கர் பழங்குடி மக்களை முன்னேற்றத்தின் பகைவர் எனலாமா? தாம் ஏறப்போகாத வண்டிக்குத் தம் வயலைக் கேட்கிறார்களே, காரணம் வினவுவது பகையா?

இரயில் வந்தால் பரம்பரைத் தொழிற்பிரிவு கரையும், அதன்மேல் நிற்கும் சாதியும் சரியும் என்று 1853இல் எழுதினார் கார்ல் மார்க்ஸ். இரயில் வந்தது. ஒரே வண்டியிலே நெருக்கியடித்து வந்தவர்கள், இறங்கியதும் நிலைய உணவுவிடுதியிலே பார்ப்பனருக்கு ஓரிடம், ஏனையோருக்கு வேறிடம் எனப் பிரிக்கப்பட்டனர். தென்னாட்டிலே அந்த இழிவு நீங்க 1941 வரை போராடவேண்டியிருந்தது. ஆம், இயந்திரம் மக்களை அருகே கொண்டுவரும். சமமாக்குவது மனிதன் செய்யவேண்டிய வேலை.

ஆகவே, அதிவேக வண்டி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஒருவனுக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாக்கக் கோடிகளைக் கொட்டும் அரசு, குறிஞ்சிப்பாடி நடைமேடையிலே இரண்டு மணி நேரம் காத்திருப்பவனையும் கணக்கிலே சேர்க்கட்டும். அவனுக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரம்தான். அவன் காலமும் காலமே!