துயரச் செய்தியும் நினைவின் சாட்சியும்

நாட்டையே உலுக்கும் சாவுச் செய்தி வரும்போது, மக்கள் மனத்தில் செய்தி மட்டும் தங்குவதில்லை. அதைக் கேட்ட இடம், சொன்ன ஆள், அப்போது கையில் இருந்த வேலை எல்லாம் சேர்ந்தே தங்குகின்றன. பல ஆண்டுகள் கழித்தும் அவற்றை உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த உறுதியை அறிவு என்று கொள்ளலாமா என்பது தத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று.

1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோஜர் பிரௌன், ஜேம்ஸ் குலிக் இருவரும் இத்தகைய நினைவுக்கு ‘ஃப்ளாஷ்பல்ப் நினைவு’ என்று பெயரிட்டனர். கேமராவின் பளிச்சொளியில் எதிரே உள்ளதெல்லாம் படத்தில் விழுவதுபோல, அதிர்ச்சி அந்தக் கணத்தை அப்படியே பதித்துவிடுகிறது என்று அவர்கள் கருதினர். 1963 நவம்பர் 22-இல் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி தம்மை எட்டிய சூழலை, அவர்கள் விசாரித்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே சொன்னார்கள். ஆனால் அந்த விவரங்கள் சரியா என்று ஒப்பிட அன்றைய பதிவு எதுவும் இல்லை.

அத்தகைய பதிவு பின்னர் கிடைத்தது. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, ஒரு பள்ளி ஆசிரியை உள்பட 7 பேர் மாண்டனர். மறுநாள் காலையிலேயே எமரி பல்கலைக்கழக மாணவர்கள், தாங்கள் செய்தி அறிந்த விதத்தை எழுதித் தந்தனர். உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்னும் ஆய்வாளர்கள் இரண்டரை ஆண்டுக்குப் பின் அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டனர். 11 பேர் சொன்னது, முக்கிய விவரம் ஒன்றில்கூட முதல் தாளோடு பொருந்தவில்லை. சமய வகுப்பில் செய்தி கேட்டதாக எழுதியிருந்த ஒருவர், விடுதி அறைத் தொலைக்காட்சியில் அறிந்ததாக இப்போது கூறினார். சொந்தக் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

இந்திய மெய்யியல் மரபுகளில் ஒன்றான நியாய தரிசனம் நினைவு குறித்த இந்த ஐயத்துக்கு இடம் வைத்திருக்கிறது. அனுபவம் விட்டுச்செல்லும் பதிவு ஸம்ஸ்காரம். அதிலிருந்து மட்டுமே எழும் அறிவு ஸ்மிருதி, அதாவது நினைவு. அது புதிதாக எதையும் காட்டாமல் மூல அனுபவத்தையே சார்ந்து நிற்பதால், நியாயவாதிகள் அதைப் பிரமாணமாக, அதாவது சரியான அறிவு தரும் வழியாக, ஏற்கவில்லை. சமணத் தருக்கவாதிகள் ஏற்றனர். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதற்கும் முன்பு இரண்டையும் சேர்த்துக் கண்ட நினைவு வேண்டும் என்பது அவர்கள் வாதம். நினைவை முற்றிலும் தள்ளினால் அனுமானமும் நிற்காது. ஆகவே தள்ளுவதைவிட, அது எதற்குச் சாட்சி என்று பிரித்தறிவதே முறை.

பிரௌன், குலிக் ஆய்வின் இன்னொரு முடிவு இங்கே உதவுகிறது. 1968-இல் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்ட கணம், வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களிடமே மிகுதியாகத் தங்கியிருந்தது. யாருடைய இழப்பைத் தன் இழப்பாக ஒருவர் கொண்டாரோ, அவருடைய சாவுச் செய்தியே அப்படித் தங்குகிறது. சமயங்களும் இந்த உறவை வளர்க்கின்றன. ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்திலிருந்து புறப்பட்டதாகக் கருதவேண்டும் என்பது யூதர்களின் பஸ்கா இரவு நெறி. அங்கே இல்லாதவர்களையும் அது அந்த நிகழ்வுக்கு உரியவர்களாக்குகிறது.

நடந்த விவரங்களுக்கு அன்றே எழுதிய தாள்தான் நம்பத்தக்க சாட்சி. மனத்தில் நிற்கும் காட்சி, அந்தத் துயரத்தோடு ஒருவருக்கு இருந்த உறவைச் சொல்கிறது. இடத்தை மாற்றிச் சொல்பவரிடம் ஏமாற்றும் எண்ணம் இல்லாததால் அவர் பொய்யரல்லர். அவருடைய விவரத்தைத் திருத்தலாம். துக்கத்தை ஐயுறக் காரணமில்லை.