தடுப்புக்கு இந்தப் பக்கம்

மனச்சோர்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் 1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த அந்தச் சோதனையில்தான் வந்து நிற்கிறேன். படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைக் கட்டிப்போட்டு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு நாய் தலைக்குப் பக்கத்திலிருந்த பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். அதன் ஜோடிக்கும் அதே வலி, அதே நேரம். ஆனால் அது எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

மறுநாள் வேறு பெட்டி. நடுவில் தாழ்வான தடுப்பு, தாண்டினால் வலியில்லை. முதல் வகை நாய்கள் தாண்டின. ஜோடி நாய்களில் பெரும்பாலானவை படுத்து முனகின. ‘என்ன செய்தாலும் பயனில்லை’ என்று கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள்.

*

மனிதர்களுக்கு இந்த விளக்கம் போதவில்லை. 1978-ல் லின் ஏப்ரம்சன், ஜான் டீஸ்டேல் இருவரோடும் சேர்ந்து செலிக்மன் அதைத் திருத்தினார். தோற்றவர் தனக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும்: “என்னாலதான். எப்பவும் இப்படித்தான். எதுலயும் இப்படித்தான்.”

கூர்மையான கவனிப்பு. ஆனால் ‘நீ நினைக்கிற விதம்தான் தப்பு’ என்று சோர்ந்தவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட இது வசதியாகவும் இருக்கிறது. கட்டிப்போட்டது யார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

*

2016-ல் செலிக்மனும் மேயரும், தாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்ததாக எழுதினார்கள். நீடித்த வலியின் முன் ஒடுங்கிப்போவது உயிரின் இயல்பு. அதை யாரும் கற்பதில்லை. கற்க வேண்டியது, தன் செய்கைக்குப் பலன் உண்டு என்பதை. மூளையின் முன்பகுதி அதைக் கண்டுகொண்டால் ஒடுக்கத்தை அடக்கிவிடுகிறது.

அப்படியானால் போர்வைக்குள் கிடப்பவர் எதையும் தப்பாகப் படித்துவிடவில்லை. இதை எண்ணும்போது மனம் கொஞ்சம் லேசாகிறது.

*

1968-லேயே, இப்படிப் படுத்துவிட்ட நாய்களை எழுப்பிப் பார்த்தார்கள். கூப்பிட்டும் வரவில்லை. கழுத்தில் கயிறு கட்டி அந்தப் பக்கம் இழுத்தார்கள். முதலில் பலமாக இழுக்க வேண்டியிருந்தது, போகப்போக லேசாக. பிறகு தானாகவே தாண்டின. விளக்கம் புரண்டாலும் இது புரளவில்லை. மனசு வரட்டும் என்று காத்திராமல் குளிப்பது, தெருமுனைவரை நடப்பது என்று தொடங்கும் சிகிச்சை இன்றும் இருக்கிறது. கயிற்றை இங்கே நோயாளியே பிடித்துக்கொள்கிறார் என்பது வித்தியாசம்.

*

1967-ன் ஜோடி நாய்கள் எட்டில் இரண்டு படுக்கவில்லை, தாண்டின. கூண்டிலேயே வளர்ந்த நாய்கள் இன்னும் சுலபமாக ஒடுங்குகின்றன என்று 1970-ல் தெரிந்தது. மற்ற நாய்கள் சோதனைக்கு முன் எங்கெங்கோ திரிந்தவை. என்ன பார்த்தன, எதில் ஜெயித்தன என்பதற்குக் குறிப்பேதும் இல்லை.