இரண்டாவது சாட்சி

"கோணேசரை நம்பித்தானே கடலுக்குள்ள இறங்கிறீர் தம்பி? பிறகு என்னத்துக்கு ரெண்டு கையிலயும் ரெண்டு மணிக்கூடு?"

என் மாமனார் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. பாடசாலையில் சைவசமயம் படிப்பித்து ஓய்வுபெற்றவர் அவர். நம்பிக்கை பற்றிய கேள்வியை அவர் விளையாட்டுக்கு எடுப்பதில்லை. ஆண்டவன் மீது பாரத்தைப் போட்டவன் கருவிக்கு மேல் கருவி கட்டிக்கொண்டால் அது அரைகுறை நம்பிக்கை ஆகாதா என்பதே அவர் கேட்டதன் பொருள். திருகோணமலையில் சுழியோடப் பழக்குவது என் தொழில். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இன்னொரு பிள்ளையை ஆழத்துக்குக் கூட்டிப்போக எனக்கு உரிமையில்லை என்று பட்டது.

கையில் இருப்பது வெறும் மணிக்கூடு இல்லை, டைவ் கம்பியூட்டர். கடலில் பத்து மீற்றர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் அதற்கேற்ப இரத்தத்திலும் இழையங்களிலும் கரையும். பதறி மேலே வந்தால் கரைந்தது குமிழாகும். மூட்டு வலியோடு போகவும் கூடும், முள்ளந்தண்டைப் பிடித்து இடுப்புக்குக் கீழே வழங்காமல் செய்யவும் கூடும். கடலட்டைக்கும் சங்குக்கும் போய் இப்படிப் படுக்கையில் விழுந்த இளம் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆழத்தையும் நேரத்தையும் வைத்து, இன்னும் எத்தனை நிமிடம் கீழே நிற்கலாம், மேலே வரும் வழியில் எங்கே தரிக்கவேண்டும் என்று சொல்வதே இந்தக் கருவியின் வேலை. அது நடுக்கடலில் செத்துவிட்டால் அதே வேலையைச் செய்வதற்கு இரண்டாவது.

மாமாவுக்கு நான் முதலில் சொன்னது மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றி. வெள்ளைக்காரன் காலத்தில் சிலாவத்துறைப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்தபோது 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் இல்லாமல் சுழியோடிகள் தண்ணீரில் கால்வைக்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவ்வளவு நம்பிக்கை. ஆனால் கல் கட்டிய கயிற்றில் காலைக் கொடுத்து இறங்கிய அதே சுழியோடி, இன்னொரு கயிற்றின் நுனியைப் படகில் இருந்த ஒருவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். மனைவியின் சகோதரனிடம்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சும் நம்மிடையே உண்டு. தன் சகோதரி தாலி இழப்பதை அவன் விரும்பமாட்டான் அல்லவா. மந்திரத்தை நம்பியவர் கயிற்றை விடவில்லை. கயிறு இருப்பதால் மந்திரத்தை அவமதித்ததாகவும் எவரும் நினைக்கவில்லை. சுறா ஒருவர் பொறுப்பு, மூச்சு இன்னொருவர் பொறுப்பு. நம்பிக்கை என்பது கையில் உள்ள கடமையைக் கடவுளிடம் தள்ளிவிடுவது என்று அந்த மனிதர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாமா இதை ஏற்றுக்கொண்டார். ஆனால் சித்தாந்தம் படித்தவர் அதோடு விடுவாரா? அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவையில்தான் தொடங்குகிறார். ஒன்றை அறிந்தேன் என்று சொல்லுமுன் எப்படி அறிந்தேன் என்று சொல்லவேண்டும். காண்டல், கருதல், உரை: இந்த மூன்றில் உம்முடைய கருவி சொல்வது எது என்று மாமா கேட்டார். என் தொழிலைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். ஆழத்தின் அழுத்தத்தைக் கருவி நேராக அளக்கிறது, அது காண்டல். என் உடம்பில் கரைந்த நைதரசனை அது பார்ப்பதே இல்லை. இந்த ஆழத்தில் இவ்வளவு நேரம் நின்றால் இவ்வளவு கரைந்திருக்கும் என்று கருதுகிறது. அந்தக் கருதலும் அதனுடையது அன்று. 1908இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஹோல்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, உடம்பை ஐந்து வகை இழையங்களாகப் பிரித்துக் கணக்கிட்டார். பின்னர் சூரிச்சில் பியூல்மான் அதைப் பதினாறாக விரித்தார். இன்று விற்கும் பல கருவிகளுக்குள் ஓடுவது அவருடைய கணக்குத்தான். ஆகவே மணிக்கட்டில் தெரியும் இலக்கம் அழுத்தத்தளவில் காண்டல், நைதரசனளவில் கருதல், அடியில் கிடப்பது ஆன்றோர் உரை. நேற்றிரவு தூங்காத, தண்ணீர் குடிக்க மறந்த, ஐம்பதைத் தொடும் இந்த உடம்பைப் பற்றி அந்தக் கணக்குக்கு எதுவும் தெரியாது.

இங்கேதான் இரண்டாவது கருவியை எப்படித் தெரிவது என்ற கேள்வி வருகிறது. வெவ்வேறு கணக்கு ஓடும் இரண்டைக் கட்டு, ஒன்று தவறினால் மற்றது திருத்தும் என்பார் பலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெவ்வேறு கோட்பாடுள்ள இரண்டு கருவிகள் கீழே வேறு வேறு நிமிடம் காட்டினால் அதிலிருந்து நான் அறிவது ஒன்றுமில்லை. கோட்பாடு வேறு, ஆகவே விடையும் வேறு. ஒரே கணக்கு, அந்தக் கணக்கை எவ்வளவு கண்டிப்பாக வைப்பது என்ற ஒரே எச்சரிக்கை அளவு வைத்த இரண்டு வேறுபட்டால் ஒரே பொருள்தான்: ஒன்று பழுதாகிவிட்டது. ஆகவே நான் ஒரே கணக்குள்ள இரண்டையே கட்டுகிறேன். பற்றரி மட்டும் வேறு வேறாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று சார்ஜ் ஏற்றுவது, மற்றது கடையில் வாங்கி வீட்டிலேயே மாற்றக்கூடிய நாணயப் பற்றரி. கருவியின் சாவுக்கு இன்னொரு கருவி காவல். ஆனால் பியூல்மானின் கணக்கே என் உடம்புக்குப் பிழைத்தால் நூறு கருவி கட்டினாலும் நூறும் ஒரே பிழையைத்தான் சொல்லும். அதற்குக் காவல் வேறு: எச்சரிக்கை அளவைக் கூட்டி வைப்பது, மேலே வரும் வழியில் ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்கவேண்டும் என்றால் ஐந்து நிமிடம் நிற்பது, உடம்பு சரியில்லாத நாளில் இறங்காதிருப்பது. அறியாமைக்கு முன்னால் அடக்கம் தவிர வேறு கருவி இல்லை.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. இரண்டாவது கருவியைப் பையில் வைத்திருப்பதால் பயனே இல்லை. காலையில் சுவாமி மலையடியிலும் பிறகு புறாத்தீவிலும் சுழியோடியவரின் உடம்பில் பழைய நைதரசன் இன்னும் கிடக்கும். கூட வந்த கருவிக்கு அது தெரியும். பையிலிருந்து இப்போது எடுத்துக் கட்டியதற்கோ நீங்கள் ஒருநாளும் கடலைக் காணாத ஆள். ஆகவே இருந்த ஒரே கருவி செத்தால் பொதுவாக 24 மணி நேரம் கரையில் இருந்துவிட்டுத்தான் புதியதைக் கட்டச் சொல்வார்கள். நண்பரிடம் இரவல் வாங்கவும் முடியாது. அதில் இருப்பது அவர் வினை, உம்முடையதன்று. முதல் இறக்கத்திலிருந்து கூடவே வந்ததே சாட்சி.

சுவாமி மலைக்குக் கீழே, 1622இல் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கல்தூண்கள் கிடக்கும் பக்கத்தில், ஒருநாள் இடது கை 21.3 மீற்றர் என்றது, வலது கை 24.8 என்றது. இடது கையின்படி இன்னும் 19 நிமிடம் நிற்கலாம். வலது கையின்படி 11. தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது, ஒரு தூணின் வேலைப்பாடு அப்போதுதான் கண்ணில் பட்டிருந்தது. மனம் எந்த விசாரணையும் இல்லாமல் இடது கையின் பக்கம் சாய்ந்ததை நான் உணர்ந்தேன். இரண்டு சாட்சி இருப்பதன் ஆபத்து இதுதான்: விருப்பம் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும். அதனால் விதியைப் படகிலேயே முடிவு செய்திருந்தோம். கண்டிப்பானதைக் கேட்பது, சராசரி எடுப்பதில்லை, வேறுபட்டால் மேலே. மேலே வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தபோது இடது கருவியின் அழுத்தத் துளையில் உப்பு வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

"அப்ப நீர் உண்மையைத் தேடேல்லை, பயத்தைத் தேடினீர்" என்றார் மாமா. இல்லை மாமா. எது உண்மை என்ற தீர்ப்பைக் கரையில் ஆறுதலாக எழுதலாம். கீழே எழுதவேண்டியது, தவறினாலும் ஆளை உயிரோடு விடும் தீர்ப்பு.

அப்படியென்றால் மூன்றாவது ஏன் கூடாது, நான்காவது ஏன் கூடாது? மட்டக்களப்புக்கு அப்பால் 53 மீற்றர் ஆழத்தில் ஹெர்மிஸ் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கி. முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் கல்லறை. அங்கே போனால் தரித்துத் தரித்துத்தான் மேலே வரமுடியும். இரண்டாவது கருவி இல்லாமல் போவது பாவம் என்றே சொல்வேன். ஆனால் இரண்டு இருக்கிறதே என்று இன்னும் பத்து நிமிடம் அந்தக் கப்பலுக்குள் நுழைய எண்ணினால், அந்தக் கணமே காவல் பேரமாகிவிடுகிறது. தேங்காய் உடைத்துவிட்டேன், இனி எப்படியும் ஓடலாம் என்று வாகனம் ஓட்டுபவரின் பக்தி அது. எல்லையை நான் அங்கே போடுகிறேன். ஒரு கருவியோடு போகத் துணியாத இடத்துக்கு இரண்டாவதன் தைரியத்தில் போவதில்லை.

இதை வாசிக்கும் சுழியோடிகளிடம் ஒன்று கேட்கிறேன். புதியது வாங்கும்போது பழையது உங்கள் இரண்டாவதாகும். அதற்கு முந்தியது அலுமாரியில் தூங்கும். அதை எடுத்துப் பற்றரி மாற்றி, உங்கள் கரையில் அட்டைக்குப் போகும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அதை வாசிக்கவும் அது சொன்னதும் மேலே வரவும் கூட இருந்து பழக்குங்கள். அவனிடம் முதலாவது கருவியே இல்லை.