முள்ளைச் சீவிய ஆறு மணி நேரம்
(அடி அண்ணாமலையில் ஒரு பௌர்ணமி மாலை நிகழ்ந்த சொற்பொழிவிலிருந்து)

உட்காருங்க, உட்காருங்க. பின்னாடி நிக்கிற தாய்மார்கள் முன்னாடி வாங்க, தரையில இடம் இருக்கு. பாதி வழிக்கு மேல நடந்து வந்திருக்கீங்க, கால் வலிக்கும்.

ஒண்ணு கேட்கிறேன். செருப்பை எங்க விட்டீங்க? வெறுங்காலோட வந்தவங்க தப்பிச்சீங்க. மத்தவங்க சொல்லுங்க. எந்த ஓரத்துல, யார் செருப்புக்குப் பக்கத்துல? பாருங்க, எல்லாரும் சிரிக்கிறீங்க, பதில் வரல.

ஜென் கதை ஒண்ணு. பத்து வருஷம் பயிற்சி முடிச்ச சீடர், மழை நாள்ல ஒரு பெரியவரைப் பார்க்கப் போறார். மரச் செருப்பையும் குடையையும் வாசல்ல வச்சிட்டு உள்ள போறார். பெரியவர் சாஸ்திரம் கேட்கல. "குடை செருப்புக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?"ன்னு கேட்டார். இவருக்குச் சொல்லத் தெரியல. இன்னும் ஆறு வருஷம் அவர்கிட்டயே சீடனா இருந்தார். ஒரு குடைக்கு ஆறு வருஷம்!

ஜென்னுன்னதும் யாரோ எவரோன்னு நினைக்காதீங்க. நம்ம தியானம்தான் சீனாவுல 'சான்' ஆச்சு, ஜப்பான்ல 'ஜென்' ஆச்சு. கொண்டு போன போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துப் பிள்ளைன்னு மரபு சொல்லுது. திரும்பியும் வந்திருச்சு. கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில, அமா சாமிங்கிற இயேசு சபைத் துறவி 1996-ல 'போதி ஜென்டோ'ன்னு ஒரு நிலையம் ஆரம்பிச்சார். அங்க கண்ணை மூடி உட்காருறது மட்டும் சாதனை இல்ல. கூட்டுறது, துடைக்கிறது, காய் நறுக்குறது, அதுவும் சாதனை.

காய் நறுக்குறதுன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரணும்? நம்ம பகவான் ரமணர். விடியறதுக்கு முன்னாடி ஆசிரமத்து அடுக்களையில அருவாமணை முன்னாடி உட்கார்ந்திருப்பார். தரையில அரிசி சிந்தினா ஒவ்வொண்ணா பொறுக்குவார். உலகமே தரிசனத்துக்கு வருது, அவர் அரிசி பொறுக்குறார். எங்க அம்மாவும் முறத்தை மடியில வச்சு அரிசியில கல் பொறுக்கும்போது பேச மாட்டாங்க. கூப்பிட்டாலும் கையை மட்டும் அசைப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா! அது தியானம்னு எனக்குப் புரிய நாப்பது வருஷம் ஆச்சு.

முள்ளுக் கோல் கதைக்கு வரேன். போன பௌர்ணமிக்கும் அதைத்தானே சொன்னீங்கன்னு அந்த அம்மா முகம் கேட்குது. அடுத்த பௌர்ணமிக்கும் அதைத்தான் சொல்வேன்.

வேலூர் காலேஜ்ல இருந்த ஒரு தெலுங்குப் பண்டிதர், நிஷ்காம கர்மம்னா என்னன்னு பகவானைக் கேட்டார். பகவான் பதிலே சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து மலையில நடந்தார், பண்டிதரும் கூடப் போனார். வழியில முள்ளு நிறைஞ்ச ஒரு கிளை கிடந்தது. பகவான் அதை எடுத்தார், உட்கார்ந்தார். முள்ளைச் சீவினார். கணுவை மழிச்சார். சொரசொரப்பான இலையை வச்சுத் தேய்ச்சார். ஆறு மணி நேரம்! கோல் வழவழன்னு ஆயிடுச்சு. கிளம்பும்போது ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன் வந்தான். கோலைத் தொலைச்சிட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிறான். பகவான் கோலை அவன் கையில கொடுத்தார், நடந்தார். அவ்வளவுதான். என் கேள்விக்கு இதுதான் பதில்னு பண்டிதர் புரிஞ்சுக்கிட்டார்.

கவனிங்க. சீவும்போது கோல் யாருக்குன்னு கேட்டாரா? இல்ல. சீக்கிரம் முடியணும்னு பார்த்தாரா? இல்ல. முள் இருந்தது, கை இருந்தது. ஆறு மணி நேரம் ஐயா! நாம ஆறு நிமிஷம் ஒரு வேலையில இருக்கோமா? குக்கர் விசில் எண்ணும்போது போனைப் பார்க்கிறோம். மூணா நாலான்னு அப்புறம் சண்டை.

இங்க கிரிவலத்துலயே பார்க்கிறேன். கையில போன், எத்தனை அடி நடந்தோம்னு அது எண்ணுது. பதினாலு கிலோமீட்டரும் கணக்கு வந்திருச்சு, மலை எங்க வந்தது? மலையைப் பார்த்தீங்களா, மலையைப் படம் எடுத்தீங்களா? கோபத்துல சொல்லல கண்ணு. அண்ணாமலை பக்கத்துல நிக்கிறான், நீ கண்ணாடி வழியா பார்க்கிறே, அந்த வருத்தம்.

நாம உட்கார்ந்திருக்கிற ஊர் எது? மணிவாசகர் திருவெம்பாவை பாடின ஊர்னு சொல்ற ஊர். அவருக்குக் கோயில் இதே பாதையில இருக்கு. அந்தப் பாட்டுல பொண்ணுங்க என்ன பண்றாங்க? தூங்குற தோழியை வாசல்ல நின்னு எழுப்புறாங்க. நேத்து ஒண்ணு சொன்னியே, இன்னைக்குத் தூங்குறியேன்னு கேலி பண்ணி எழுப்புறாங்க. நாம கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குற தோழி.

சரி, எப்படி எழுந்திருக்கிறது? 1901, 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளைங்கிற பக்தர், நான் யார்னு பகவானைக் கேட்டார். பகவான் அப்போ பேசாம இருந்த காலம், எழுதிக் காட்டினார். அதுதான் பின்னாடி 'நான் யார்?'ங்கிற புத்தகம் ஆச்சு. வீட்டுல அதை எப்படி வச்சுக்கிறது? குழம்புல உப்பு அதிகம்னு வீட்டுக்காரர் சொல்றார், சுர்ருனு ஏறுது. உடனே கேளுங்க, இந்தக் கோபம் யாருக்கு வந்தது? எனக்கு. அந்த நான் யாரு? பதில் தேட வேண்டாம், கேட்டுட்டு உள்ள பாருங்க. கோபம் நிக்க இடம் இருக்காது. இல்ல, நின்னா நிக்கட்டும், அது ஒரு முள். சீவுங்க. அடுத்த முள் வரும், அதையும் சீவுங்க. அவசரம் இல்ல. கோல் யாருக்குன்னு மலைக்குத் தெரியும்.

நிறைமாச கர்ப்பிணியா இருக்கிற ராணி நடக்கிற மாதிரி இந்த மலையைச் சுத்தணும்னு பகவான் சொல்வார். இங்க என்னடான்னா பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம். பாதையில வர்ற வாயுலிங்கம் வரைக்கும், அது வரைக்கும் மட்டும், போனைப் பையில போட்டுட்டு நடங்க. காலைப் பாருங்க, மலையைப் பாருங்க. அந்தக் குழந்தைக்கு யாராவது தண்ணி கொடுங்கம்மா. சுண்டல் வாங்கினவங்க தொன்னையைப் பாதையில போடாதீங்க, கூடை அங்க இருக்கு. கிளம்பலாம், அண்ணாமலையாருக்கு அரோகரா!