கடதாசியும் நோவும்

பாடசாலையில் உயிரியல் படித்த காலத்தில் 'பிறபொருளெதிரி' என்ற சொல்லை மனனம் செய்தோம். வெளியிலிருந்து உடலுக்குள் நுழைவதை எதிர்க்கும் புரதம் அது. பல்கலைக்கழகம் பாதியில் நின்று, இங்கே கோப்பை கழுவ வந்தபோதும் அந்தச் சொல் எங்களோடு வந்தது. லூபஸ் நோயில் அது பொருளிழந்து போகிறது. அங்கே பிறபொருள் எதுவுமில்லை. தன் சொந்தக் கலங்களின் கருவையே உடல் அந்நியமாகக் காண்கிறது.

இவற்றில் பல வகை உண்டு. டி.என்.ஏ.க்கு எதிரானவை சிறுநீரகப் பாதிப்போடு சேர்ந்து வருகின்றன. பொஸ்போலிப்பிட்டுக்கு எதிரானவை குருதி உறைதலோடும் கருச்சிதைவோடும் வருகின்றன. 'றோ' எனப்படும் புரதத்துக்கு எதிரானவை இருப்பவர்களுக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து பொங்கலாம். கர்ப்பிணியின் குருதியில் இவை இருந்தால், அரிதாகச் சிசுவின் இதயத்துடிப்பையே மந்தமாக்கிவிடும். தாய்க்கோ ஒரு வருத்தமும் இல்லாதிருக்கலாம்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், லூபஸ் கண்ட 130 அமெரிக்கப் படையினரின் பழைய குருதி மாதிரிகளைப் பார்த்தார்கள். 115 பேரின் குருதியில், நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே இந்த எதிரிகள் இருந்தன. சிலருக்கு ஒன்பது வருடங்களுக்கும் முன்பே. அந்த வருடங்களில் அவர்கள் நோயாளிகளா? கருவுக்கு எதிரானவை குருதியில் இருந்தும், ஆயுள் முழுக்க நோயே வராத சுகதேகிகளும் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்ததற்காகவே ஆட்கள் தண்டிக்கப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அடையாளம் வேறு, நடந்தது வேறு என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மறுபக்கமும் உண்டு. எங்களோடு வேலை செய்த ஓர் அக்கா, "மூட்டெல்லாம் நோகுது, நிற்க ஏலாமல் கிடக்கு" என்று சொன்னபோது, "நேற்று நல்லாத்தானே நிண்டனீர்" என்றார் முதலாளி. லூபஸ் அப்படித்தான், ஒருநாள் அடங்கும், மறுநாள் எழும்பும். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள் என்பதால் 'பொம்பிளையளின்ர சாட்டு' என்று தள்ளிவிடுவதும் சுலபம். பரிசோதனைத் தாள் வந்த பிறகுதான் அவவின் நோவு நோவாயிற்று. அதற்குள் சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியிருந்தது.

அகதி விசாரணையில் எங்களிடமும் காயத்தைக் காட்டு, கடிதத்தைக் காட்டு என்றுதான் கேட்டார்கள். தழும்பில்லாதவர்களின் கதை பொய்யாயிற்று.

கடதாசி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிக்க அது வேண்டும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை காலத்தோடு நடந்தால் சிறுநீரகம் தப்பும். ஆனால் ஒருவர் உண்மை பேசுகிறாரா என்று அளக்கும் கோல் அதுவல்ல. பொய்க்காரரும் இருப்பார்களே என்று கேட்கலாம். இருப்பார்கள். பொய்யை நம்பினால் முதலாளிக்கு ஒருநாள் வேலை போகும். உண்மையை நம்பாவிட்டால் போவது ஒருவரின் சிறுநீரகம். இந்த இரண்டு நட்டங்களையும் ஒரே தராசில் வைக்க எங்களால் முடியவில்லை.