மலிவு கார்டின் மதிப்பு எங்கே இருக்கிறது?

புதிதாக வரும் மலிவு கிராஃபிக்ஸ் கார்டின் மதிப்பு அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறதா, வாங்குபவரின் தேவையில் இருக்கிறதா என்பது பழைய தத்துவக் கேள்விதான். பண்டங்களை ஒப்பிட உதவும் பொது அளவுகோல் தேவையே என்றார் அரிஸ்டாட்டில்.

2022 ஜனவரியில் 199 டாலர் அறிவிப்பு விலையில் வந்த ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு நல்ல சான்று. நினைவகம் 4 ஜிபி. மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ பாதைகள் நான்கே. பிசிஐஇ 4.0 கணினியில் ஓரளவு ஈடுகொடுக்கும். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் அப்பாதைகளின் வேகம் பாதியாகும். நினைவகம் நிரம்பினால் காட்சி திக்கும். பழைய கணினிக்காரரே மலிவு கார்டைத் தேடுகிறார் என்பதுதான் வேதனை. கார்டு ஒன்று, விலை ஒன்று, மதிப்பு இரண்டு. ஆகவே மதிப்பைப் பொருளின் குணமாக மட்டும் கொள்வது பிழை.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் செலவு, வரவு, பின்னால் கிட்டும் ஊதியம் மூன்றையும் எண்ணச் சொல்கிறது. மலேசியாவின் மலாக்காவிலுள்ள பத்து பெரண்டாமில் ரிங்கிட்டை எண்ணிச் செலவிடும் குடும்பத்துக்கு மூன்றாவதே முக்கியம். அந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடர் இல்லை. காணொளித் தொகுப்பு பழகும் பிள்ளைக்கு அது பெருங்குறை.

உழைப்பே மதிப்பின் ஊற்று என்ற வாதமும் உண்டு. குறைக்கடத்தி ஆலைகள் இயங்கும் பத்து பெரண்டாமில், சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் கைகளை அறிந்தவர்கள் அதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் அது கூலியைப் பற்றிய நியாயம். கார்டு வாங்குபவரின் தேவையை அது கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.