வந்த செடியும் இருந்த செடியும்

வீட்டுக்கு முன்னால் நிற்கும் கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருப்பதை முதலில் பார்த்தது அம்மாதான். குச்சியால் தட்டப் போனார். அது நெளிந்தது. "டேய், புழுடா! கடைக்குப் போய் மருந்து வாங்கிட்டு வா." நான் போகவில்லை. சில நாள்களில் புழுக்கள் பச்சையாகிக் கொழுத்தன. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றமடித்தன. ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்பார்கள். கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டுகள் வரிசையாக ஓடும் வண்ணத்துப்பூச்சி. ரசத்துக்குக் கிள்ள இலை இல்லாமல் போன அன்று அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நான் மருந்து வாங்காததற்குக் காரணம் ஜீவகாருண்யம் என்று சொன்னால் அது பொய். அப்போது எனக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் உதவ வேண்டுமென்றால் வீட்டுத் தோட்டத்தில் இந்த மண்ணுக்குரிய செடிகளையே வளர்க்க வேண்டும் என்று அடிக்கடி வாசித்துக்கொண்டிருந்தேன். சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் 'மண்ணுக்குரியது', 'வெளியிலிருந்து வந்தது' என்ற சொற்களைக் கேட்டாலே எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும். இடைநிலைப்பள்ளியில் ஒருவன் என்னைப் பார்த்து 'பெண்டாத்தாங்' என்று சொல்லிச் சிரித்தபோது நான் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாத பதிலை இத்தனை வருஷம் கழித்துச் செடிகளை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பதில் இதுதான். 1960இல் மலேசியாவின், அன்றைய மலாயாவின், தேசிய மலரான செம்பருத்தி இங்கே தோன்றியதில்லை. ரப்பர் பிரேசில்காரன், 1877இல் சிங்கப்பூர் பூமலைக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கறிவேப்பிலையோ எங்களைப் போலவே இந்தியாவிலிருந்து வந்தது. அதில்தான் உள்ளூர் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. பார்த்தாயா, வந்தவர்களும் சோறு போடுகிறோம்! அந்தப் புழுக்கள் என் சாட்சிகள். அதனால்தான் காப்பாற்றினேன்.

வழக்கு ஆட்டம் கண்டது பாட்டியால். செம்பனைத் தோட்டத்தில் அவர் செய்த வேலைகளில் ஒன்று 'பவுடர் அடிக்கிறது'. ஆண்பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, மரம் மரமாக விரிந்த பெண்பூவைத் தேடி ஊத வேண்டும். "பூச்சி செய்ய வேண்டிய வேலைய நாங்க செஞ்சோம்யா. அப்புறம் எங்கிருந்தோ ஒரு வண்டக் கொண்டாந்து விட்டாங்க. எங்களுக்கு அந்த வேல போச்சு." அது கேமரூனிலிருந்து 1981இல் கொண்டுவரப்பட்ட கூன்வண்டு. செம்பனை இங்கே வந்தபோது மரம் மட்டும்தான் வந்தது. அதன் பூச்சி வரவில்லை. அந்த இடைவெளியைப் பாட்டி போன்றவர்களின் கைகள் நிரப்பின. ஒரு செடியின் பாதி வேறு யாருடைய உடம்பிலோ இருக்கிறது என்று எனக்கு முதலில் உறைத்தது அப்போதுதான்.

தேன் பிரச்சினையில்லை. வெளியூர்ப் பூவிலும் உள்ளூர் வண்ணத்துப்பூச்சி குடித்துவிட்டுப் போகும். சிக்கல் இலையில் இருக்கிறது. இலைகள் தங்களைக் காத்துக்கொள்ளக் கசப்பும் நஞ்சும் வைத்திருக்கின்றன. அந்தந்த நஞ்சைச் செரிக்கப் பழகிய புழுதான் அதைத் தின்னும். தாய் வண்ணத்துப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி, ருசி பார்த்துத்தான் முட்டையிடும். கறிவேப்பிலை அந்தச் சோதனையில் தேறியதற்குக் காரணம் அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதுதான். அந்தக் குடும்பத்தைக் காமன் மார்மனுக்கு ஏற்கெனவே தெரியும். என் சாட்சி சொன்னது உண்மை. ஆனால் வந்த செடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதனால் பேச முடியாது.

வீட்டு லோங்காங் ஓரம் முழுக்க மஞ்சள் பூவோடு வெடேலியா படர்ந்திருந்தது. வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. வேடிக்கையாக அதற்குச் 'சிங்கப்பூர் டெய்சி' என்றும் ஒரு பெயர். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் அதுவும் இருக்கிறது. தேனீ வரும்தான். ஆனால் அதன் அடியில் வேறு எதுவும் முளைக்கவில்லை. அதைப் பிடுங்க வேண்டும் என்று வாசிக்கும்போதெல்லாம் யாரோ என் குடும்பத்தைப் பிடுங்கச் சொல்வதுபோல் கோபம் வந்தது.

அந்தக் கோபம்தான் என் பிழை. பாட்டி பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் மலாய் பேசப் பழக ஓரிரு வருஷம் போதுமாயிருந்தது. ஒரு புழுவினம் புது இலைக்குப் பழகத் தலைமுறை தலைமுறையாக ஆகலாம். பழகாமலே அழிந்தும் போகலாம். மனிதன் கற்பான், வாக்குக் கொடுப்பான், கேட்டால் பதில் சொல்வான். செடியால் அது முடியாது. வேர், மண் என்று செடியின் பாஷையில் என்னை அளந்தான் பள்ளியில் ஒருவன். உரிமை, அவமானம் என்று மனிதர் பாஷையில் செடியை அளந்தேன் நான். இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கம். என் பக்கத்துத் தவறுக்கு விலை கொடுத்தது, இந்த வழக்கில் சம்பந்தமே இல்லாத பூச்சிகள்.

ஒரு சனிக்கிழமை வெடேலியாவைப் பிடுங்கினேன். இடுப்பு விட்டுப்போனது. அந்த இடத்தில் செண்டுடுக் நட்டேன். சாலையோரத்தில் தானாக முளைக்கும், யாரும் காசு கொடுத்து வாங்காத செடி. ஊதாப் பூ தேன் தராது, மகரந்தம் மட்டும்தான். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். அந்த ரீங்காரம் வாசல்வரை கேட்கும். பழத்துக்குக் குருவிகள் வருகின்றன. மெலஸ்டோமா என்ற அதன் அறிவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் கறுத்த வாய் என்று பொருள். பழம் தின்றால் வாயெல்லாம் கறுக்கும்.  இந்தியாவிலும் இங்கேயும் இயல்பாகவே வளரும் செடி. இதையும் என் வழக்கில் சேர்க்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டேன்.

கறிவேப்பிலை அங்கேயேதான் நிற்கிறது. அம்மா சந்தையிலிருந்து இன்னொரு கன்று வாங்கிவந்து சமையலறைக்குப் பின்னால் வைத்து, பழைய கொசுவலையைப் போர்த்திவிட்டார்.

"முன்னாடி இருக்கிறத அதுங்க தின்னுட்டுப் போகட்டும். இது எனக்கு."